கார்க்ஸ்க்ரூ சதுப்புக்காடு: முதல்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் தென்மேற்கு ஃபுளோரிடாவில், நேப்பிள்ஸ் நகருக்கு வடகிழக்கே இருக்கிறது கார்க்ஸ்க்ரூ சதுப்புநிலச் சரணாலயம். தொப்பி அலங்காரத்துக்காகக் கொக்குகளைச் சுட்டு இறகைப் பறித்த காலத்தில், 1912ஆம் ஆண்டு, பறவைகளைப் பாதுகாக்கும் ஆடுபான் அமைப்பினர் இங்கே காவலர்களை நிறுத்தினார்கள். பின்னர் கோடரிகள் நெருங்கியபோது, 1954இல் காட்டையே வாங்கிக் காப்பாற்றினார்கள். அதனால்தான் 500 ஆண்டுகளைத் தாண்டிய சைப்ரஸ் மரங்களை இன்றும் நாம் அண்ணாந்து பார்க்க முடிகிறது.

1. முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். விலங்குகளையும் பறவைகளையும் பார்க்க டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட பருவமே சிறந்தது. தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் சிறு குட்டைகளில் ஒதுங்குகின்றன. அவற்றைத் தேடி மற்ற உயிர்களும் அங்கே கூடுகின்றன. குளிர்காலத்தில் சைப்ரஸ் இலை உதிர்ப்பதால் கிளைகளில் இருக்கும் பறவைகளும் எளிதில் தெரியும்.

2. டிக்கெட், நேரம் பற்றிய விவரங்களைச் சரணாலயத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் போதும். செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை.

3. மரப்பலகை நடைபாதை சுமார் 3.6 கிலோமீட்டர் நீளும். காலையில் சீக்கிரம் தொடங்கி, அரை நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். பைன் மரங்களில் தொடங்கி, புல்வெளி கடந்து, சைப்ரஸ் நிழலுக்குள் பாதை நுழையும். நிலத்தின் உயரத்தில் சில அடி வேறுபாடுதான், ஆனால் எந்தச் செடி எங்கே வளர வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. கிளைகளில் பழுப்பாகச் சுருண்டு கிடக்கும் பெரணியைப் பட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மழை பெய்தால் போதும், மறுநாளே பச்சையாக விரிந்துவிடும்.

4. நடைபாதையோரம் லெட்டுஸ் ஏரிகள் எனப்படும் நீர்நிலைகள் வந்ததும் நின்றுவிடுங்கள். நடையை வேகமாக முடிப்பவர்கள் இழப்பது இந்த இடத்தைத்தான். நீர்ப்பரப்பை ஆகாயத்தாமரை மூடியிருக்கலாம். அந்தப் பச்சைக்கு நடுவே இரண்டு கண்மேடுகளும் ஒரு மூக்கு நுனியும் தெரிந்தால், அது அலிகேட்டர் முதலை. அதற்கு உணவு போடுவது ஃபுளோரிடாவில் சட்டப்படி குற்றம்.

இங்கேயே வுட் ஸ்டார்க் நாரையையும் தேடுங்கள். தலையிலும் கழுத்திலும் இறகில்லாத பெரிய வெண்ணிறப் பறவை அது. அலகைத் திறந்தபடி கலங்கிய நீருக்குள் வைத்திருக்கும். மீன் பட்ட நொடியில் மூடிக்கொள்ளும். கண்ணை நம்பாமல் தொட்டுணர்ந்து வேட்டையாடுவதால், மீன்கள் நெருக்கமாக இருக்கும் ஆழமற்ற நீர் இல்லாவிட்டால் குஞ்சுகளுக்கு இரை சேராது. சுற்றுவட்டாரத்தில் அத்தகைய நிலங்கள் வடிக்கப்பட்டுக் கட்டடங்களாக மாறியதுதான் இங்கே கூடுகள் அருகியதற்கு முக்கியக் காரணம். எனக்கு ஆறாத வருத்தம் இது.

5. பேய் ஆர்க்கிட் பூவைப் பார்க்க ஆசையா? அப்படியென்றால் கோடையில், குறிப்பாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாருங்கள். கொசு விரட்டி அவசியம். இலையே இல்லாத இந்தச் செடி, பச்சை வேர்களாலேயே உணவு தயாரிக்கிறது. இங்கே 2007இல் கண்டறியப்பட்ட செடி முதிய சைப்ரஸ் ஒன்றின் உயரத்தில், பாதையிலிருந்து தள்ளி இருக்கிறது. நல்ல தொலைநோக்கி இருந்தால்தான் பூ தெளிவாகத் தெரியும். வேறெங்காவது இன்னொன்றைக் கண்டால் இருப்பிடத்தைச் சமூக ஊடகங்களில் போடாதீர்கள். ஆர்க்கிட் திருடர்களும் அவற்றைப் படிக்கிறார்கள். சரணாலய ஊழியரிடம் மட்டும் சொல்லுங்கள்.