வெல்லிங்டன் மேடைக்கு உடை அனுப்பும் முன்

நியூசிலாந்தின் வெல்லிங்டனில் நடக்கும், அணியக்கூடிய கலைப்படைப்புகளுக்கான 'வேர்ல்ட் ஆஃப் வேரபிள் ஆர்ட்' போட்டிக்கு அனுப்பும் உடையை மேடையில் அணிவது உங்களுக்கு அறிமுகமில்லாத மாடல். அதனால் முதுகில் ஜிப் வேண்டாம். கண்ணிவைத்துக் கயிறு கோத்தால் இறுக்கவும் தளர்த்தவும் முடியும். தலை அலங்காரத்தின் பாரம் கழுத்தில் நிற்கக்கூடாது, தோள்பட்டை வழியாக இடுப்பு பெல்ட்டுக்கு இறங்கட்டும். க்ளூ கன் பசையை மட்டும் நம்பாதீர்கள்: பார்சல் வெயிலில் கிடந்தால் பசை இளகி, ஒட்டிய துண்டுகள் கழன்றுவிடும். பாரம் தாங்கும் இணைப்புகளைத் தைத்துவிடுங்கள், அல்லது ரிவெட் அடியுங்கள். யாரையாவது அணியவைத்து 20 நிமிடம் நடக்க, படி ஏற, கை தூக்கச் சொல்லுங்கள்; உரசும் இடத்தில் தோல் சிவந்திருக்கும், அங்கே ஃபோம் ஒட்டுங்கள். இறகு, விதை, தென்னை நார் இருந்தால் அனுப்பும் முன்பே அந்நாட்டு உயிரிப் பாதுகாப்பு விதிகளை (வெளிநாட்டுப் பூச்சியும் நோயும் நுழையாமல் தடுப்பவை) பாருங்கள், சுங்கப் படிவத்திலும் மறைக்காமல் எழுதுங்கள். அணியும் வரிசையை எண்ணிட்ட படங்களாகப் பெட்டிக்குள் வையுங்கள், கூடவே அதே நிற நூலும் ஊசியும்.