ஷாக் அப்சார்பர் மாற்றப் போகிறீர்களா? பிராண்டு கேட்பதற்கு முன்னால்

‘எந்த கம்பெனி ஷாக் நல்லா இருக்கும்?’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் கேட்டால் போதும். போனது ஷாக்தானா என்று முதலில் பாருங்கள்.

காரின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி அமுங்கிய ஸ்பிரிங் எழுந்த பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தைப் பிடித்து அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே ஆயிலில் ஒரு பிஸ்டன், அதில் பொடிப்பொடித் துளைகளும் வால்வும்; ஆயில் அந்தச் சந்துக்குள் திணறிக்கொண்டு போகும்போது ஆட்டம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது. அதனால் நாலு பேர் ஏறியதும் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்கிறது என்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். புது ஷாக் வாங்கிப் போட்டாலும் வண்டி நிமிராது.

ஷாக்கின் மேல் லேசான ஈரப்பசை இருந்தால் பயப்பட வேண்டாம், ராடு (பிஸ்டனோடு சேர்ந்து உள்ளே வெளியே போய்வரும் கம்பி) ஏறி இறங்கும்போது மெல்லிய ஆயில் படலம் வருவது சகஜம். உடம்பு முழுக்க வழிந்து, புழுதி அதில் சேறாக ஒட்டியிருந்தால் ஆயிலை வெளியே விடாமல் அடைக்கும் சீல் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். அப்புறம் உள்ளங்கையை டயர் மேல் வைத்து ஒரு சுற்று தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாததும் கைக்குத் தெரியும்: கிண்ணம் கிண்ணமாகக் குழி தட்டுப்பட்டால் சக்கரம் தரையில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம் (பேலன்சிங் சரியில்லாவிட்டாலும் இப்படி ஆகலாம், அதையும் பாருங்கள்). காரின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுகிற பழைய சோதனை இருக்கிறதே, அதில் செத்தே போன ஷாக் மாட்டும், பாதி உயிரோடு இருப்பது தப்பிவிடும். சின்ன மேட்டில் ‘டொக் டொக்’ என்று சத்தம் மட்டும் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு), புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்) இவற்றை ஆட்டிப் பார்த்துவிட்டு ஷாக்குக்கு வாருங்கள்.

சரி, ஷாக்தான் என்று முடிவாகிவிட்டது. உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது? பெரும்பாலான கார்களில் முன்பக்கம் மக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தூணாகவும் இருக்கும், ஸ்பிரிங் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். இதை மாற்றினால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம், இல்லையென்றால் புது ஷாக்கோடு சேர்த்துப் புது டயரும் வாங்க வேண்டி வரும். பின்பக்கம் பல கார்களில் ஷாக் தனியாக, ஸ்பிரிங் தனியாக இருக்கும்; கழற்றி மாட்டுவது சுலபம்.

அடுத்தது ட்வின் ட்யூபா, மோனோ ட்யூபா என்ற பேச்சு. ட்வின் ட்யூபில் குழாய்க்குள் குழாய், நைட்ரஜன் அழுத்தம் குறைவு, ஓட்டம் மெத்தென்று இருக்கும், வெளிக்குழாயில் சின்னதாக நசுங்கினாலும் வேலை செய்யும். மோனோ ட்யூபில் ஒரே குழாய், ஆயிலையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைக்கும். ஆயில் நுரைக்காது, சூடு சீக்கிரம் வெளியேறும், ஆனால் கல் பட்டு உடம்பு நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மலைப்பாதையில் வேகமாக, மணிக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு மோனோ பிடிக்கும். வீட்டுக்கும் வேலைக்கும் போய் வருகிற காருக்கு, கம்பெனியிலிருந்து வந்தபோது என்ன இருந்ததோ அதே வகை, அதே கெட்டி போதும் என்பது என் கட்சி. கெட்டியான ஷாக் போட்டால் வண்டி ‘கிரிப்பா’ இருக்கும் என்பது பாதிதான் உண்மை. மோசமான ரோட்டில் அளவுக்கு மீறிக் கெட்டியான ஷாக், சக்கரத்தை மேடுபள்ளத்தோடு இறங்கி ஏற விடாமல் துள்ள வைக்கும், பிடிப்பு அங்கேயே போச்சு.

ஒரே கம்பெனியிலும் பல தரம் உண்டு. பில்ஸ்டைன் என்ற ஷாக் கம்பெனியை எடுத்துக்கொண்டால் பி4 என்பது பழையதற்குப் பதில் அப்படியே போடுவது, பி6 அதே உயரத்தில் கெட்டியானது, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்காக நீளம் குறைத்தது. பி8ஐ சாதாரண ஸ்பிரிங்கோடு மாட்டினால் தப்பு. ஆகவே பிராண்டு பெயரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள், பார்ட் நம்பரைப் பிடியுங்கள். வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துத் தேடுவதுதான் பத்திரம், ஏனென்றால் ஒரே மாடலிலும் டீசல், பெட்ரோல் என்று எடை மாறும், ஷாக்கும் மாறும். எலக்ட்ரானிக் ஷாக் (ஓடும்போதே கெட்டியை மாற்றிக்கொள்ளும் வகை) உள்ள வண்டியில் சாதாரணத்தைப் போட்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

என் அனுபவம் ஒன்று. முன்பக்க ஸ்ட்ரட் இரண்டையும் நல்லதாக வாங்கிவிட்டு, ஸ்ட்ரட்டின் தலையை வண்டியோடு பிடித்து வைக்கும் மவுண்டும், அது திரும்ப உதவும் பேரிங்கும் ‘பார்க்க நல்லாத்தானே இருக்கு’ என்று பழையதையே விட்டுவிட்டேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் ‘டங்’ என்று விடுபடும் சத்தம். திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றி, அலைன்மென்ட்டையும் இன்னொரு தடவை செய்தேன். மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்கும் துண்டு), டஸ்ட் கவர் இவற்றை ஷாக்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். டஸ்ட் கவர் கிழிந்திருந்தால் மண் ராடில் ஒட்டிப் புது சீலையும் அறுத்துவிடும். ஷாக்கையும் ஒன்று மட்டும் மாற்றாதீர்கள், முன்னால் என்றால் முன்னால் இரண்டும், பின்னால் என்றால் பின்னால் இரண்டும். ஆயில் ரொப்பி பெயின்ட் அடித்து வருகிற பழைய ஷாக்கைத் தொடவே வேண்டாம்.

பெட்டியைப் பிரித்ததும் ராடில் கீறல், துரு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ட்வின் ட்யூப் படுக்கையில் கிடந்தால் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கி இழுத்துவிட்டு மாட்டினால் சரியாகிவிடும். மாட்டும்போது பளபளக்கும் ராடை பிளையர் வைத்துப் பிடிக்க விடாதீர்கள், அந்தக் காயம் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி வழுக்கினால் உயிருக்கே ஆபத்து, பழக்கமில்லாதவர் ஸ்ட்ரட்டைப் பிரிக்க வேண்டாம். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது முழுசாக இறுக்காமல், வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.