எந்த கீ எந்த டிஸ்க்குக்கு? பழைய விண்டோஸை மறுபடி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்துவிட்டு விண்டோஸ் போட உட்கார்ந்தால், கையில் டிஸ்க்கும் இருக்கும், பெட்டியில் கீ (விண்டோஸ் போடும்போது கேட்கும் உரிம எண்) அச்சான ஸ்டிக்கரும் இருக்கும், ஆனாலும் "கீ செல்லாது" என்று சொல்லி நின்றுவிடும். உடனே கீ காலாவதி ஆகிவிட்டது, இல்லை யாரோ போலி கீயைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்து, கடைக்காரர் வைத்திருக்கும் கிராக் டிஸ்க்கைப் போடச் சொல்லிவிடுகிறார்கள் பலர். காசு கொடுத்து வாங்கிய உரிமத்தை இப்படி வீணாக்காதீர்கள். பெரும்பாலும் கீயிலும் குற்றம் இல்லை, டிஸ்க்கிலும் குற்றம் இல்லை. இந்த கீ அந்த டிஸ்க்குக்கு உரியது இல்லை, அவ்வளவுதான்.

பொருந்த வேண்டியவை மூன்று. எந்த விண்டோஸ் (எக்ஸ்பியா, 7-ஆ), எந்த எடிஷன் (ஹோமா, புரொஃபஷனலா), எந்த வழியாக விற்றது. முதல் இரண்டும் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும், அதில் யாரும் அதிகம் குழம்புவதில்லை. மூன்றாவதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் தனிப் பெட்டியாக விற்றது ரீடெய்ல். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது ஓஇஎம், அது அந்த மெஷினோடு கட்டுப்பட்டது. கம்பெனிகளும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்கியது வால்யூம். பெட்டியின் பக்கவாட்டிலோ லேப்டாப்பின் அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஓஇஎம் கீ என்று எடுத்துக்கொள்ளலாம். வால்யூம் கீ ஸ்டிக்கரில் வராது.

டிஸ்க்கைப் பிடிப்பதற்கு முன் கீயைச் சரியாகப் படியுங்கள், ஏனென்றால் லேப்டாப் அடியில் இருக்கிற ஸ்டிக்கர் மடியில் தேய்ந்து தேய்ந்து பாதி அழிந்திருக்கும். எக்ஸ்பி, 7 இரண்டின் கீயிலும் 25 எழுத்துகள், ஐந்து ஐந்தாக. அதில் ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் கிடையாது, 0, 1, 5 என்ற எண்களும் கிடையாது. அதனால் பூஜ்ஜியம் மாதிரித் தெரிவது டி அல்லது க்யூ. நிஜமாகவே குழப்புவது பி-யும் 8-ம், ஜி-யும் 6-ம். மொபைலில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், டார்ச்சைச் சாய்த்து அடித்தால் அச்சு இன்னும் தெளிவாகத் தெரியும். அந்தப் படத்தை அப்படியே பத்திரப்படுத்திவிடுங்கள், அடுத்த தடவை ஸ்டிக்கர் இருக்குமோ இருக்காதோ.

இனி டிஸ்க். எக்ஸ்பி சிடி என்றால் வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு மை கம்ப்யூட்டரில் அதன் பெயரைப் பாருங்கள். பெயருக்குள் ஓஇஎம் என்று இருந்தால் ஓஇஎம், எஃப்பிபி என்றால் ரீடெய்ல், விஓஎல் என்றால் வால்யூம். அதற்கு முன்னால் இருக்கும் எழுத்து பி என்றால் புரொஃபஷனல், ஹெச் என்றால் ஹோம். பெயர் விஆர்எம் என்று தொடங்கினால் சர்வீஸ் பேக் 2 (சர்வீஸ் பேக் என்பது மைக்ரோசாஃப்ட் பிறகு வெளியிட்ட திருத்தங்களின் தொகுப்பு), ஜிஆர்டிஎம் என்றால் சர்வீஸ் பேக் 3. ஆனால் காப்பி எடுத்த சிடியில் எழுதியவர் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருப்பார், அதை நம்ப முடியாது. அப்போது ஐ386 என்ற ஃபோல்டருக்குள் போய் செட்டப்பி என்ற ஐஎன்ஐ ஃபைலை நோட்பேடில் திறங்கள் (கடைசியில் கூடுதலாக ஒரு பி இருக்கும், கவனம்). பிஐடி என்று தொடங்கும் வரியின் கடைசி மூன்று இடங்கள்தான் விஷயம்: ஓஇஎம் என்றே இருந்தால் ஓஇஎம் சிடி, 270 என்றால் வால்யூம், 335 அல்லது 000 என்றால் ரீடெய்ல். ஓஇஎம் கீயை ரீடெய்ல் சிடியில் போட்டால் எக்ஸ்பி கண்டிப்பாக ஏற்காது. இதில் தளர்வே இல்லை.

எல்லாம் பொருந்தியும் எக்ஸ்பி மறுத்தால் சிடி பழையதா என்று பாருங்கள். 2007-ல் கீ எண்கள் தீர்ந்துவரும் நிலை வந்ததால், புதிய கீகளை ஏற்பதற்காகவே மைக்ரோசாஃப்ட் சர்வீஸ் பேக் 2சி என்று ஒன்றை வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த கீயை அதற்கு முந்தைய சிடி அடையாளம் காணாது. அதே வகையில் சர்வீஸ் பேக் 3 சேர்ந்த சிடி கிடைத்தால் வேலை முடிந்தது.

விண்டோஸ் 7-ல் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், புரொஃபஷனல், அல்டிமேட் எல்லாமே ஒரே டிவிடிக்குள் இருக்கின்றன. எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்வது சோர்சஸ் ஃபோல்டரில் இருக்கும் இஐ என்ற சிஎஃப்ஜி ஃபைல். அதை நோட்பேடில் திறந்தால் எடிஷன் பெயரும், அடுத்து சேனல் என்று ரீடெய்லா ஓஇஎம்மா என்பதும் வெட்டவெளிச்சமாக எழுதியிருக்கும். கையில் ஹோம் பிரீமியம் டிவிடி, ஸ்டிக்கரில் புரொஃபஷனல் என்றால் புது டிவிடி தேட வேண்டாம். டிவிடியில் உள்ளதை பூட் ஆகும் (அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கக்கூடிய) பென் டிரைவுக்கு மாற்றி, அந்த ஒரு ஃபைலை மட்டும் அழித்துவிடுங்கள், இன்ஸ்டால் செய்யும்போது எந்த எடிஷன் என்று அதுவே கேட்கும். என்டர்பிரைஸ் மட்டும் தனி டிவிடி, இந்த வழி அதற்கு உதவாது. 32 பிட், 64 பிட் பற்றிக் கவலை வேண்டாம், 7-ன் கீ இரண்டுக்கும் செல்லும். எக்ஸ்பியில் அப்படி இல்லை, 64 பிட் எக்ஸ்பி தனிச் சரக்கு, தனி கீ.

மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஃபார்மேட் செய்வதற்கு முன்பே ஒரு வேலை செய்துவிடலாம். விண்டோஸ் 7-ல் ரன் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர், ஒரு இடைவெளி, ஒரு ஸ்லாஷ், டிஎல்ஐ (டெல்லியின் டி) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். எடிஷன், சேனல், கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் மூன்றும் வரும். பத்து ஸ்டிக்கர் குவிந்து கிடக்கும் ஆபீஸில் எது எந்த மெஷினுடையது என்று பிரிக்க இது பெரிய உதவி. ஆனால் பெரிய பிராண்ட் மெஷின்களில் இங்கே வருவது ஸ்டிக்கர் கீயாக இருக்காது. தொழிற்சாலையில் அந்த பிராண்டின் எல்லா மெஷின்களுக்கும் பொதுவாகப் போட்ட கீ அது, பயாஸில் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) உள்ள அடையாளத்தோடு சேர்ந்துதான் வேலை செய்யும். கீ காட்டும் மென்பொருள்களும் இதைத்தான் எடுத்துக் கொடுக்கும். இதை எழுதி வைத்துக்கொண்டு சாதாரண டிஸ்க்கில் போட்டு மல்லுக்கட்டாதீர்கள். அந்த பிராண்டின் ரெகவரி டிஸ்க் இருந்தால் கீயே அடிக்க வேண்டியதில்லை; இல்லையென்றால் சாதாரண ஓஇஎம் டிஸ்க்கோடு ஸ்டிக்கர் கீ.

விண்டோஸ் 8 முதல் பிராண்ட் மெஷின்களின் ஸ்டிக்கரில் கீயே இருக்காது, அது மதர்போர்டில் பதிந்திருக்கும், இன்ஸ்டாலர் தானாகப் படித்துக்கொள்ளும். அங்கே வரும் தொல்லை வேறு: நீங்கள் தனியாக புரொ கீ வாங்கியிருந்தாலும், போர்டில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் கீ இருந்தால் அதையே போட்டுவிடும். போட்டு முடியட்டும், அப்புறம் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய் உங்கள் கீயைக் கொடுத்தால் புரொவாக மாறிவிடும்.

கண்டுபிடித்ததை அன்றே மார்க்கரால் டிஸ்க்கின் மேல் எழுதிவிடுங்கள்: விண்டோஸ், எடிஷன், பிட், சர்வீஸ் பேக், ஓஇஎம்மா ரீடெய்லா. கீயை மட்டும் டிஸ்க்கில் எழுத வேண்டாம், டிஸ்க் கைமாறும். அதற்குத் தனி நோட்டு, அதில் எந்த மெஷின் என்ற விவரமும் சேர்த்து.