மருந்து கலக்கும் முன் துளியைப் பாருங்கள்

நெல்லுக்கு அடித்த 2,4-டி களைக்கொல்லி பக்கத்து வயல் பருத்தி இலையைச் சுருட்டிவிடும். பழி காற்றின் மேல் விழும். ஆனால் காற்று தூக்கிப்போகும் அளவுக்குத் துளியைப் பொடியாக்கியது நம் நாசில்தான். புதிதாக ஸ்ப்ரேயர் வாங்கியவர்கள் டேங்கில் வெறும் தண்ணீரை ஊற்றி இதைச் செய்து பாருங்கள்.

1. களைக்கொல்லிக்கு விசிறி போல விரியும் தட்டை நாசில். பூச்சி மருந்துக்குக் கூம்பு நாசில். அதன் சிறு துளிகள் இலை இடுக்குகளில் புகும்.

2. ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நீல நிற 03 தட்டை நாசில் என்றால் 3 பார் அழுத்தத்தில் சுமார் 1.2 லிட்டர் வரவேண்டும். அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் நாசில் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். அடைப்பை பழைய டூத் பிரஷால் எடுங்கள். கம்பி வேண்டாம், வாயால் ஊதவே கூடாது.

3. இப்போது அழுத்தத்தைக் கூட்டுங்கள். சீக்கிரம் வேலை முடியும் என்றுதான் எல்லோரும் கூட்டுகிறார்கள். அழுத்தம் 4 மடங்கானாலும் நீர் 2 மடங்குதான் வரும், துளியோ பொடியாகிவிடும். 400 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) துளி ஒன்றில் இருக்கும் நீர், 100 மைக்ரான் துளிகள் 64 செய்யப் போதும். அவை தரைக்கு வருவதற்குள் காற்று கொண்டுபோய்விடும்.

4. நெல் இலையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள், உருண்டு ஓடும். ஒட்டு திரவம் (மருந்து இலையில் படர்ந்து ஒட்டக் கலப்பது) சேர்த்த நீரை விட்டால் படரும்; நீரை உருண்டையாக இழுத்துப்பிடிக்கும் பரப்பு இழுவிசை பாதி அளவுக்கும் கீழே இறங்கிவிட்டது. சரி, நாசிலில் என்ன ஆகும்? நீர் முதலில் மெல்லிய தகடாக வெளியே வந்து, கிழிந்து, அப்புறம்தான் துளியாகிறது. எல்லாம் சில மில்லி விநாடிகளில். அதற்குள் ஒட்டு திரவம் தகட்டின் மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தால் துளி சிறுக்கும். வராவிட்டால் வெறும் தண்ணீர் போலவே உடையும். எண்ணெய்க் குழம்பு, அதாவது எண்ணெய் பொடித் துணுக்குகளாக நீரில் கலந்திருக்கும் மருந்து, வேறு மாதிரி. எண்ணெய்த் துணுக்குகள் தகட்டில் ஓட்டை போட, அது தடிமனாக இருக்கும்போதே கிழிகிறது. துளி பெரும்பாலும் பெரிதாகும். நீர் கெட்டியானாலும் துளி பெரிதாகும். அதனால் நாசிலை மாற்றாமல் மருந்தை மட்டும் மாற்றினாலும் துளி மாறலாம்.

5. ஈரம் பட்டால் நீலமாகும் மஞ்சள் தாள் கிடைக்கிறது. செடியின் நடுவில், இலையின் அடிப்பக்கம் ஒன்றைச் செருகிவிட்டுத் தண்ணீரை அடியுங்கள். தாள் மஞ்சளாகவே இருந்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் வெள்ளை ஈ மேல் மருந்தும் படப்போவதில்லை.