32 கணினிகளின் சார்பில் கொழும்புக்குப் போவது எப்படி

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றில் 32 கணினிகள் உள்ள அறைக்குப் பொறுப்பான ஆசிரியை என்றால், மற்றவர்களுக்கு நான் பிறிண்டரில் பேப்பர் சிக்கும்போது கூப்பிட வேண்டிய ஆள். அந்த ஆளுக்கும் எப்போதாவது கொழும்பில் நடக்கும் கணினி மாநாட்டுக்கோ கண்காட்சிக்கோ போகக் கடமை லீவு கிடைக்கும். இதுவரை நான்கு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை இரண்டு பை நிறையக் கையேடுகளும் ஐந்து பேனாக்களும் கொண்டுவந்தேன். வேறொன்றும் கொண்டுவரவில்லை.

இரண்டாம் தடவைதான் பாடம் படித்தேன். ஒரு ஸ்டோலில் 65 அங்குல ஸ்மார்ட் போர்ட் ஒன்றைப் பார்த்து மயங்கி, பழைய மாணவர் சங்கத்தின் காசில் வாங்கிவிட்டோம். எட்டாம் மாதம் திரையின் இடப்பக்கம் தொட்டால் அசையவில்லை. தொலைபேசி எடுத்தால், "வாரண்டி இருக்கு மிஸ், கொழும்புக்குக் கொண்டு வாங்க" என்றார்கள். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மெத்தை சுற்றி, வெங்காயம் ஏற்றிப்போன லொறியில் அதை அனுப்பினோம். திரும்பி வர இரண்டு மாதம். அன்றிலிருந்து எந்த ஸ்டோலுக்குப் போனாலும் விலைக்கு முன்பு நான் கேட்பது, "பழுதானால் யாழ்ப்பாணத்துக்கு ஆர் வருவார்?" என்பதைத்தான். பதில் சொல்வதற்குள் எத்தனை தடவை தொண்டையைச் செருமுகிறார் என்று பாருங்கள்.

போவதற்கு ஒரு கிழமை முன்பே வேலை தொடங்கவேண்டும். உங்கள் அறையிலுள்ள ஒவ்வொரு கணினியின் புரொசசர் எத்தனையாம் தலைமுறை, ரம் எவ்வளவு, தரவைச் சேமிப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கா, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி.யா என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இரண்டு பாடவேளையில் முடித்துவிடுவார்கள். இந்தக் கணக்கு இப்போது மிகவும் தேவை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எங்கள் 32 இல் தேறியது ஒன்பது. கொப்பி இல்லாமல் போயிருந்தால் "எல்லாத்தையும் மாத்துங்க மேடம்" என்ற பேச்சுக்குத் தலையாட்டியிருப்பேன். கொப்பி இருந்ததால், மற்ற 23 க்கும் எஸ்.எஸ்.டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் என்ன செலவு என்று கேட்க முடிந்தது. உயர்தரப் பிள்ளைகளின் பைத்தன் நிரல் எழுதும் பயிற்சிக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும்.

பென் டிரைவ் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இப்போதைய பொது எழுத்து முறையான யூனிகோடில் தட்டிய ஒரு பக்கம், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வினாத்தாள் ஒன்று. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்த வினாத்தாள் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் "எங்கட சொஃப்ட்வெயார் முழுத் தமிழ்" என்று சொல்பவரிடம் இரண்டையும் திறக்கச் சொல்லுங்கள். யூனிகோட் பக்கத்தில் 'ஸ்ரீ', 'கௌரி', 'க்ஷ' எல்லாம் இருக்கட்டும். ஒருமுறை 'கொ' வின் கொம்பு ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலும் போய் நின்றது. இங்கே தமிழ் தட்டப் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பில் தட்டிப் பார்க்கவும் கேளுங்கள். சிலர் அந்தப் பெயரையே முதல் தடவையாக உங்களிடம்தான் கேட்பார்கள்.

பயணம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவு பஸ், விடிய வெள்ளவத்தை, அங்கே பெரியம்மாவின் மகள் வீட்டில் குளிப்பு. மாநாடு பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் என்றால் அங்கிருந்து ஓட்டோவில் சுருக்கமாகப் போய்விடலாம். சுவெட்டர் மட்டும் மறக்கவேண்டாம். எங்கள் வெயிலில் காய்ந்த உடம்புக்கு அந்த ஏ.சி ஆகாது. கொழும்புக்கு முதல் கொஞ்சம் பழக்கம் வேண்டுமென்றால், ஜனவரியில் முற்றவெளியில் நடக்கும் யாழ்ப்பாண வர்த்தகக் கண்காட்சியில் நின்று கேள்வி கேட்டுப் பழகலாம்.

மண்டபத்துக்குள் போனதும் முதல் சுற்றில் எங்கும் நிற்காதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருமுறை நடவுங்கள். இரண்டாம் சுற்றில் முன்னால் சிரித்தபடி நிற்பவரை விட்டுவிட்டு, மேசைக்குப் பின்னால் குந்தியிருந்து வயர் பொருத்துகிற பொடியனைத் தேடுங்கள். அவர்தான் பழுது பார்ப்பவர். கடைசி நாள் பின்னேரம் என்றால் இன்னும் நல்லது. களைத்தவர்கள் பொய் சொல்ல மினக்கெடுவதில்லை. "இதில முதல் பழுதாகிறது எது?" என்று ஒருவரிடம் கேட்டேன். முன்னால் நின்றவரை ஒருக்கால் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பவர் சப்ளை, ரீச்சர். உங்கட பக்கம் கரண்ட் ஏறி இறங்கும்தானே. யு.பி.எஸ் இல்லாமல் போடாதேங்கோ." வவுனியாப் பிள்ளையாம்.

கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கணினியைத் தாங்கும் அந்த யு.பி.எஸ் வாங்கினால் பற்றரியைப் பற்றிக் கேளுங்கள். ஈய அமில பற்றரிக்குச் சூடு எதிரி. சித்திரை வெயிலில் பூட்டிக்கிடக்கும் அறையில் அதன் ஆயுள் விறுவிறென்று குறையும். அதே அளவு பற்றரி யாழ்ப்பாணக் கடையில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. மல்டிமீடியா புறொஜெக்டர் என்றால், இருட்டிய மண்டபத்தில் எதுவும் வடிவாகத்தான் தெரியும். எங்கள் வகுப்பில் யன்னல் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். பெட்டியில் எழுதிய லூமன் என்ற வெளிச்ச அளவை விட்டுவிட்டு, தர முறைப்படி அளந்த 'ஆன்சி லூமன்' எத்தனை என்று கேளுங்கள். 3000 க்குக் குறைவென்றால் நான் அடுத்த ஸ்டோலுக்குப் போய்விடுவேன்.

இணையவழிப் பாடம் விற்பவர்களிடம் சின்னப் பெருக்கல் ஒன்று போதும். ஒரு காணொளிக்கு வினாடிக்கு 2.5 மெகாபிட் என்று வைத்தால், 32 பிள்ளைகள் ஒன்றாகத் திறக்க 80 மெகாபிட். எங்கள் லைனில் அது நடக்காது. பாடங்களைப் பாடசாலைக்குள்ளேயே ஒரு கணினியில் இறக்கி வைத்துக் காட்டலாமா? முதல் வருடம் இலவசம் என்றால் இரண்டாம் வருடம் பிள்ளைக்கு எவ்வளவு? இந்த இரண்டுக்கும் விலைக்கோரலில் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உரைகளில் ஒன்றோ இரண்டோ போதும். செயற்கை நுண்ணறிவு என்று தலைப்பில் இருந்தால் கதிரை கிடைக்காது, நேரத்தோடு போங்கள். பெரும்பாலும் ஆங்கிலம், கேட்க வெட்கப்படாதீர்கள். எனக்கு அதிகம் உதவியது தேநீர் வரிசைதான். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு சேர், கணினியை மீள இயக்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் பற்றி வடை சாப்பிட்டபடி சொன்னார். எங்கள் பிள்ளைகள் திரையில் விஜய் படமும் அஜித் படமும் மாறி மாறிப் போட்டுச் சண்டை பிடித்த காலம் அதோடு முடிந்தது.

வாங்கும் ஒவ்வொரு விசிட்டிங் கார்ட்டின் பின்னாலும் அங்கேயே நின்று இரண்டு சொல் எழுதுங்கள்: எந்தப் பொருள், என்ன சொன்னார். பஸ்ஸில் எழுதலாம் என்று நினைத்தால் நீர்கொழும்பு தாண்டமுதல் நித்திரை வந்துவிடும். அதிபருக்கு ஒரு பக்க அறிக்கை போதும். என்ன வாங்கவேண்டாம் என்பதை முதல் பந்தியில் போடுங்கள். அவர் அதைத்தான் முழுதாக வாசிப்பார்.

போகும்போது பருத்தித்துறை வடை ஒரு பைக்கற் கொண்டுபோய் அந்த மேசைக்குப் பின்னால் இருக்கும் பொடியனிடம் கொடுங்கள். வவுனியாத் தம்பி இப்போது வேறு கொம்பனிக்கு மாறிவிட்டார். ஆனாலும் பிறிண்டர் மக்கர் பண்ணினால் போனில் சொல்லித் தருகிறார், கடைசியில் வடையையும் ஒருக்கால் விசாரிப்பார்.