சுண்ணாம்புக் குன்றடி மேல்மண்ணில் தோட்டம் அமைக்கும் முறை

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மவர்களுக்குச் செடி வாடினால் முதலில் நினைவுக்கு வருவது சுண்ணாம்பு. பால்மரமும் செம்பனையும் நிற்கும் நிலத்தின் பி.எச். அளவு (7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருப்பதால், வீட்டுக்கொல்லையில் கீரை போடுவதற்கு முன் ஒரு பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவுவது அங்கே சரியான வைத்தியம்தான். ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வரை ஆங்காங்கே எழுந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் அடியிலோ, கல்லுடைப்புத் தூளைக் கொட்டி மேடாக்கிய தாமான் வீடமைப்புப் பகுதியிலோ குடியிருப்பவர்களுக்கு அதே வைத்தியம் கேடாக முடியும். லயத்து வீட்டை விட்டுக் குன்றடிக்குக் குடிவந்த புதிதில் நான் வேலியோரம் இட்லிப்பூச் செடிகளை வரிசையாக நட்டேன். சில மாதங்களில் அவற்றின் துளிர்கள் வெளுத்தன. சத்துக் குறைவு என்று எண்ணி, அம்மா செய்ததைப் போலவே டோலமைட் போட்டேன். செடிகள் மேலும் வெளுத்தன. பிறகு கடப்பாரையை இறக்கிப் பார்த்தபோது ஒரு சாண் ஆழத்திலேயே பாறை தட்டியது. அன்றுதான் நான் நிற்பது வேறு வகை மண் என்பது புரிந்தது.

சுண்ணாம்புப் பாறையின் மேல் நேரடியாகப் படிந்திருக்கும் மெல்லிய, கருமையான மண்ணை மண்ணியலார் ரெண்ட்சினா என்பர். இது போலந்து நாட்டு உழவர்களின் சொல். உழும்போது கலப்பை கற்களில் உரசி எழுப்பும் ஓசையிலிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். இந்த மண்ணில் மேலே மட்கு நிறைந்த ஓர் அடுக்கும் அதன் கீழே பாறையும் மட்டுமே உண்டு. நடுவில் களிமண் தேங்கும் அடுக்கு உருவாவதில்லை. உலக மண் வகைப்பாட்டில் இது அடங்கும் லெப்டோசால் என்னும் பிரிவுக்குத் தொடர்ச்சியான பாறை 25 செ.மீ. ஆழத்துக்குள் இருப்பது முக்கிய அடையாளம். மண்ணில் உள்ள கால்சியம் மட்கைப் பற்றிக்கொண்டு எளிதில் சிதைய விடாமல் காப்பதால் இந்த மண் கறுத்து, பொலபொலவென்று உருண்டையாக உதிரும். கையில் எடுத்தால் இதைவிட நல்ல மண் உண்டா என்று தோன்றும். அந்தத் தோற்றம் பலரை ஏமாற்றிவிடுகிறது.

இதே வகை மண்ணைப் புல்வெளி நிலத்தில் காண வேண்டுமானால் அமெரிக்காவின் அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களுக்குப் போக வேண்டும். அங்கே செல்மா சீமைச்சுண்ணாம்புப் படிவத்தின் மேல் கருமண் பட்டை என்றழைக்கப்படும் புல்வெளி நீண்டு கிடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த நிலத்தை உழுது பருத்தி பயிரிட்டார்கள். சரிவுகளில் மேல்மண் மழையோடு போய், பல இடங்களில் வெள்ளைப் பாறை வெளியே தெரிந்தது. இன்று ஆழம் குறைந்த அந்தச் சரிவுகள் பெரும்பாலும் மேய்ச்சலுக்கும் வைக்கோல் புல்லுக்கும் விடப்பட்டுள்ளன. நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆழமில்லாத மண்ணை ஆண்டுதோறும் கொத்திப் புரட்டக் கூடாது என்பதே. ஒரு வேறுபாட்டையும் மனத்தில் வைக்க வேண்டும். சீமைச்சுண்ணாம்பு மென்மையானது, அதன் நுண்துளைகளில் நீர் தங்கும், வேர்களும் ஓரளவு அதைப் பெற முடியும். ஈப்போவைச் சுற்றியுள்ள நம் கிந்தாப் பள்ளத்தாக்கின் பாறையோ பளிங்காக இறுகியது. விரிசல்களைத் தவிர வேறெங்கும் அது வேருக்கு நீர் தராது.

ஆகவே நடுவதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும். முதலாவது, ஆழம். அரை மீட்டருக்கு ஓரிடமாகக் கடப்பாரையையோ இரும்புக் கம்பியையோ இறக்கி, பாறை தட்டும் ஆழத்தை ஒரு தாளில் குறித்து வாருங்கள். நம் பகுதிச் சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பு மண்ணுக்கடியில் கூர்மையான முகடுகளும் பள்ளங்களுமாகக் கிடப்பதால், ஓரிடத்தில் ஒரு சாணும் அடுத்த எட்டில் ஒரு மீட்டரும் கிடைக்கலாம். மரம் வைப்பதற்குரிய இடங்கள் அந்தப் பள்ளங்களே. இந்த ஒரு வேலையைப் பொறுமையோடு செய்தால் பல ஆண்டு ஏமாற்றம் மிச்சமாகும் என்பதால், மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, வினிகர் சோதனை. ஒரு தேக்கரண்டி மண்ணை முதலில் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் எதை ஊற்றினாலும் உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளிவந்து நம்மைத் தவறாக எண்ண வைக்கும். நனைந்த மண்ணில் வினிகரை விட்டதும் நுரைத்தால் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. நுரைக்கவில்லை என்றால் அவசரப்பட்டு முடிவு செய்யாமல், மூன்றாவதாகப் பி.எச். தாளையோ கருவியையோ கொண்டு பாருங்கள். சுண்ணாம்பு மண் பெரும்பாலும் 7.5 முதல் 8.4 வரை காட்டும். குன்றடி என்பதாலேயே எல்லாம் கார மண் ஆகிவிடாது. நம் நாட்டு மழையில் சுண்ணாம்பு முழுவதும் கரைந்துபோய் எஞ்சிய செங்களிமண்ணும் அருகிலேயே இருக்கக்கூடும். அது நுரைக்காது, அதை வழக்கமான தோட்ட மண்ணைப் போலவே நடத்தலாம்.

மண் நுரைக்கிறது என்று உறுதியானால், கந்தகம் போட்டு அதைப் புளிப்பாக்கலாம் என்று கடைக்காரர் சொல்வதை ஏற்க வேண்டாம். ஒரு கிலோ கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க ஏறத்தாழ 320 கிராம் கந்தகம் தேவை. ஒரு சதுர மீட்டர் பாத்தியில் 20 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 250 கிலோ மண் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு கார்பனேட் என்று வைத்தாலும் எட்டுக் கிலோ கந்தகம் போட வேண்டும். அதன் பிறகும் அடியில் இருக்கும் பாறை கரைந்து பழைய நிலைக்கே கொண்டுவரும். மண்ணை மாற்ற முயல்வதை விட்டு, மண்ணுக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. முருங்கை, வேம்பு, புளி, சீத்தா, சிக்கு (சப்போட்டா), அத்தி, மாதுளை ஆகியவை சுண்ணாம்பைத் தாங்கும். அன்னாசி, இட்லிப்பூ போன்ற புளிப்பு மண் விரும்பிகளை நிலத்தில் வைக்காமல், செம்பனைத் தோட்டப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி வளர்க்கலாம். கறிவேப்பிலையும் தொட்டியில் வைத்தால் நன்றாக இருக்கும். கீரைக்கும் வெண்டைக்கும் 30 செ.மீ. உயரமான மேட்டுப்பாத்தி போதும்.

உரத்தில்தான் தோட்டப் பழக்கம் நம்மை அதிகம் தவறச் செய்கிறது. டோலமைட், அடுப்புச் சாம்பல், செம்பனைக் குலைச் சாம்பல் மூன்றும் காரத்தன்மை உடையவை. இந்த மண்ணில் எதுவும் வேண்டாம். பால்மரத்துக்கு இடும் பாறைப் பாஸ்பேட் கரைவதற்குப் புளிப்பு தேவை. சுண்ணாம்பு மண்ணில் அது கல்லாகவே கிடக்கும். அதற்குப் பதிலாகச் சூப்பர் பாஸ்பேட்டை மட்கிய எருவோடு கலந்து, வேரோரம் கோடாக இட வேண்டும். பரவலாகத் தூவினால் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். யூரியாவையும் அமோனியம் சல்ஃபேட்டையும் மேலே தூவி விட்டுவிட்டால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். ஆகவே மண்ணைக் கிளறி உள்ளே தள்ளி, உடனே நீர் பாய்ச்சுங்கள்.

நீரைப் பற்றியும் கணக்குப் பார்க்க வேண்டும். 25 செ.மீ. ஆழ மண், கல் போக, செடிக்குக் கொடுக்கக்கூடிய நீர் 30 முதல் 40 மி.மீ. அளவே. நம் வெயிலில் நாளொன்றுக்கு 4 முதல் 5 மி.மீ. வரை ஆவியாவதால், ஒரு வாரம் மழை இல்லையென்றாலே செடி தவிக்கத் தொடங்கும். மூடாக்கு இங்கே கட்டாயம். செம்பனை ஆலையில் பழம் உதிர்த்தபின் எஞ்சும் வெற்றுக் குலைகள் கிடைத்தால், எரிக்காமல் அப்படியே ஓர் அடுக்காகப் பரப்பலாம். அவற்றில் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) உண்டு. சுண்ணாம்புப் பகுதிக் கிணற்று நீர் கடினமானது. தொட்டிச் செடிகளுக்குக் கூரை மழைநீரைத் தோம்பில் பிடித்து ஊற்றுவது நல்லது.

இத்தனைக்கும் பிறகு இலை வெளுத்தால், எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்தோ மக்னீசியமோ குறைவு. நுனித் துளிரில் நரம்பு பச்சையாகவும் நரம்பிடை மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தால் வேருக்கு எட்டவில்லை என்று பொருள். இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் இரும்புச் செலேட் வாங்கும்போது உறையைப் படியுங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) வகை, பி.எச். 6.5-க்கு மேல் பிடி தளர்ந்துவிடும். சுண்ணாம்பு மண்ணில் நிலைப்பது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்னும் செந்நிறத் தூள். அது விலை கூடியது. அவசரத்துக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் இரும்புச் சல்ஃபேட்டும் 1 கிராம் எலுமிச்சை உப்பும் கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம். தெளிப்பு பட்ட இடம் மட்டுமே பச்சையாகும் என்பதால், புதுத் துளிர் விடும்போதெல்லாம் திரும்பத் தெளிக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் பட்டால் துருக்கறை போகாது.