பிரைமரியில் ஜெயித்த பிறகு செய்யக்கூடாதவை

மே மாதப் பிரைமரி, அதாவது பொதுத் தேர்தலில் கட்சி சார்பில் யார் நிற்பது என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல், முடிந்த மூன்றாம் நாள். எங்கள் தேர்தல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் தன் போனை என்னிடம் நீட்டினான். "ஆன்ட்டி, தோத்த சைடு வாலண்டியர்ஸ் நாற்பது பேருக்கு மெசேஜ் போட்டேன். ஒருத்தர்கூட பதில் போடல. இவங்களுக்கு கட்சி மேல அக்கறையே இல்லையா?"

வாங்கிப் படித்தேன். போட்டி முடிந்துவிட்டது, இனி நாமெல்லாம் ஒரே அணி, சனிக்கிழமை காலை 9 மணிக்கு வீடு வீடாக வாக்குக் கேட்டுக் கதவு தட்ட வந்துவிடுங்கள். கடைசியில் ஒரு கைகூப்பும் படம், ஒரு ராக்கெட்.

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. 2016இல் கிட்டத்தட்ட இதையேதான் நானும் எழுதி அனுப்பினேன். ராக்கெட் மட்டும் இல்லை.

நான் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு வெளியே. 2008இல் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஹிலரி கிளின்டனுக்காக வேலை செய்தேன். எங்கள் மாநிலப் பிரைமரியில் 9 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம், நாடு முழுக்கப் பார்த்தால் ஒபாமாவிடம் தோற்றோம். 2016இலும் அதே ஹிலரிக்காக வேலை செய்தேன். இந்த முறை பெர்னி சாண்டர்ஸ் அணி தோற்றது. தோற்ற வீட்டிலும் இருந்திருக்கிறேன், ஜெயித்த வீட்டிலும் இருந்திருக்கிறேன். ஜெயித்த வீட்டில் இருந்தபோதுதான் அதிகம் சொதப்பினேன்.

எதிரணியைத் திட்டாதே, பழைய பதிவுகளைத் தோண்டாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் நாளே "வாங்க, ஒன்றாகச் சேரலாம்" என்பது

2008 ஜூன் 3ஆம் தேதி கடைசி பிரைமரிகள் முடிந்தன. ஹிலரி விலகிக்கொண்டு ஒபாமாவை ஆதரித்துப் பேசியது ஜூன் 7இல். இருவரும் ஒரே மேடையில் ஏறியது ஜூன் 27இல், நியூ ஹாம்ப்ஷயரில் யூனிட்டி என்ற சின்ன ஊரில். பெயருக்கே ஒற்றுமை என்றுதான் அர்த்தம். அந்த ஊரில் பிரைமரியின்போது இருவருக்கும் ஆளுக்கு 107 வாக்கு விழுந்திருந்தது என்பதால் தேடிப்பிடித்து அங்கே போனார்கள். அரசியலே தொழிலாக உள்ள வேட்பாளர்களுக்கே மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. சம்பளம் இல்லாமல், சொந்தக் காரில் சொந்தப் பெட்ரோல் போட்டு அலைந்த தொண்டனுக்கு மூன்று நாள் போதுமா?

ஜூன் 7ஆம் தேதிப் பேச்சை நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். பாதியில் அணைத்துவிட்டேன். அன்று மாலையே ஒபாமா அணியிலிருந்து ஒரு போன். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். நான்தான் நன்றாகப் பேசவில்லை.

இரண்டு வாரம் சும்மா விடுங்கள். அதற்குள் போன் செய்தே ஆகவேண்டும் என்றால் "நன்றாக வேலை செய்தீர்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். எதையும் கேட்காதீர்கள்.

வெற்றி விழாப் படங்களைச் சுவரிலேயே விட்டுவைப்பது

கழற்றுங்கள். இன்றைக்கே.

எதிரணியின் கைதேர்ந்த ஆளைப் புதுமுகமாக நடத்துவது

இதுதான் இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016 ஜூலைக் கடைசி. எங்கள் பிலடெல்பியாவில்தான் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தது. கட்சித் தலைமையின் மின்னஞ்சல்கள் விக்கிலீக்ஸில் வெளியாகி, தலைமை சாண்டர்ஸுக்கு எதிராகச் சாய்ந்திருந்தது தெரிந்துபோய், மாநாட்டுக்கு முதல் நாள் கட்சித் தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார். அரங்கத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பெர்னி ஆட்களின் கோஷம். எல்லாம் முடிந்து, அடுத்த சனிக்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 70 இருக்கும். சட்டையில் ஒரு பறவைப் பின். போர்ட்லாண்ட் கூட்டத்தில் சாண்டர்ஸின் மேடைமேல் வந்து உட்கார்ந்த அந்தக் குருவி. அதைக் கழற்றாமல் வந்திருந்தார். கையில் ஒரு நோட்டு, கறுப்பு வெள்ளைப் புள்ளி அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டு.

அந்த நோட்டை நான் ஒரு நிமிடம்தான் பார்த்தேன். தெருவாரியாக, வீட்டு எண்வாரியாக எழுதியிருந்தது. "நாய் உண்டு, பக்கவாட்டுக் கதவைத் தட்டவும்." "மகன் இரவு ஷிப்ட், 4 மணிக்கு மேல்தான்." "கணவர் குடியரசுக் கட்சி, மனைவி நம் ஆள், தனியாகப் பேசவும்." வசந்த காலம் முழுக்க நடந்து சேர்த்த சரக்கு. எங்கள் செயலியில் இதில் பாதிகூடக் கிடையாது.

நான் என்ன செய்தேன்? புதுத் தொண்டர் படிவத்தை நீட்டினேன். பெயர், தொலைபேசி எண், அப்புறம் ஒரு கேள்வி: "இதற்கு முன் தன்னார்வலராக வேலை செய்ததுண்டா? ஆம் / இல்லை." அது முடிந்ததும் கதவு தட்டும் பயிற்சிக்கு உட்காரச் சொன்னேன். பயிற்சி கொடுத்தது 19 வயதுப் பையன். கடைசியில் அவருடைய தெருக்களை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லி, ஊரின் மறுகோடியில் உள்ள வீடுகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தேன்.

அவர் சண்டை போடவில்லை. முகம்கூட மாறவில்லை. படிவத்தில் "ஆம்" என்பதை வட்டமிட்டார். பயிற்சியில் முழுக்க உட்கார்ந்தார். அப்புறம் வீட்டுப் பட்டியலை அட்டையோடு மேசைமேல் திரும்ப வைத்துவிட்டு, நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வரவில்லை.

அவருடைய தெருக்களுக்கு ஊர் தெரியாத இரண்டு பேர் போனார்கள். முன்கதவைத் தட்டினார்கள். "வீட்டில் ஆள் இல்லை" என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தார்கள். ஆள் எல்லா வீட்டிலும் இருந்திருப்பார்கள், பக்கவாட்டுக் கதவுக்குப் பின்னால்.

அந்த நவம்பரில் பென்சில்வேனியாவை 44,292 வாக்கில் இழந்தோம். மாநிலத்தில் வாக்குச்சாவடி வட்டங்கள் 9,000க்கும் மேல். வகுத்துப் பாருங்கள், வட்டத்துக்கு ஐந்து வாக்குகூட இல்லை. அந்த அம்மா வந்திருந்தால் மாநிலமே மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவரைப்போல எத்தனை அலுவலகங்களில் எத்தனை பேர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள் என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த வருடம் மளிகைக் கடையில் அவரைப் பார்த்தேன். ஹிலரிக்குத்தான் வாக்களித்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை என்றார். பிறகு, "முன்பு வேலை செய்ததுண்டா என்று கேட்டீர்களே" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், 2008இல் இதே அடியை நானே வாங்கியிருந்தேன். என்னையும் அப்படித்தான் ஒரு படிவத்தோடு உட்காரவைத்தார்கள். எட்டே வருடத்தில் மறந்துவிட்டேன்.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2008 ஜூனில் ஒபாமா அணி, பாட்டி சோலிஸ் டாயில் என்பவரைப் பெரிய பொறுப்பில் சேர்த்தது. இனி வரப்போகும் துணை அதிபர் வேட்பாளருக்குத் தலைமை அலுவலர். ஹிலரியின் ஆள்தானே, சந்தோஷப்படுவார்கள் என்று வெளியாருக்குத் தோன்றும். ஆனால் அவர் பிப்ரவரியில் ஹிலரியே பிரச்சார மேலாளர் பொறுப்பிலிருந்து மாற்றியவர். எங்களுக்கு அது வெந்த புண்ணில் வேல். எதிரணிக்கு இடம் கொடுத்தோம் என்று கணக்குக் காட்ட யாரையாவது சேர்ப்பது, சேர்க்காமல் இருப்பதைவிட மோசம்.

இதைச் சரியாகச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். 2020இல் பிரைமரியில் ஜெயித்த பைடனும் தோற்ற சாண்டர்ஸும் சேர்ந்து ஆறு கொள்கைக் குழுக்கள் அமைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைவர்கள், அணிக்கு ஒருவர். பருவநிலைக் குழுவில் பைடன் தரப்பில் ஜான் கெர்ரி, சாண்டர்ஸ் தரப்பில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ். சுகாதாரக் குழுவில் விவேக் மூர்த்தியோடு நம் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால். ஜூலையில் 110 பக்க அறிக்கை வந்தது. சாண்டர்ஸ் அணி கேட்டதில் பாதிகூட அதில் இல்லை. எல்லாருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற அவர்களுடைய முதல் கோரிக்கையே இல்லை. இருந்தும் அந்த வருடம் எங்கள் அலுவலகத்துப் பழைய பெர்னி ஆட்கள் முறைப்பில்லாமல் போனில் உட்கார்ந்தார்கள். மேசையில் தங்கள் ஆள் உட்கார்ந்து பேசியிருக்கிறார், அதுவும் தங்களுக்குப் பிடித்த ஆள்.

ஆகவே பையன்களே, நாற்பது பேருக்கு மெசேஜ் போடாதீர்கள். அந்த நாற்பது பேரையும் இழுத்துக்கொண்டு அலைந்தவர் ஒருவர் இருப்பார். அவர் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். "உதவ வருகிறீர்களா" என்று கேட்காமல், "உங்கள் பகுதியை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா" என்று கேளுங்கள். அந்தத் தெருக்களை அதற்குள் யாருக்காவது கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள். வாங்கப்பட்டவர் கோபித்துக்கொள்வார், அவர் நம் ஆள், சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

படிவத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பழைய 5ஐ அழிக்காமல் பட்டியல் எடுப்பது

வீடு வீடாகப் போகும்போது 1 முதல் 5 வரை குறிப்போம். 1 என்றால் உறுதியாக நம் ஆள், 5 என்றால் உறுதியாக எதிர். பிரைமரியில் 5 வாங்கியவர் நம் கட்சிக்காரர்தான். பென்சில்வேனியாவில் கட்சியில் பதிந்தவர் மட்டுமே பிரைமரியில் வாக்களிக்க முடியும். அந்தப் பழைய 5ஐ வைத்துக்கொண்டே பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தால் அவர்கள் வீட்டுக்கு யாருமே போகமாட்டோம். அவர்களும் கவனிப்பார்கள்.

"எங்களை விட்டால் வேறு எங்கே போவீர்கள்?"

போவார்கள். வீட்டுக்குப் போவார்கள், மூன்றாம் கட்சிக்குப் போவார்கள், வாக்குச்சீட்டில் நம் வேட்பாளர் இருக்கும் அந்த ஒரு வரியைக் காலியாக விட்டுவிட்டு மற்றதை நிரப்புவார்கள். 2016இல் மிச்சிகனை நாங்கள் இழந்தது 10,704 வாக்கில். பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் அங்கே வாங்கியது 51,000க்கும் மேல். அதெல்லாம் நமக்கு வந்திருக்க வேண்டிய வாக்கு என்று சொல்வதும் தப்பு. அவர் நிற்காவிட்டால் அதில் பலர் வாக்குச்சாவடிக்கே வந்திருக்கமாட்டார்கள்.

என் பழைய ஹிலரி நண்பர்கள் இன்றும் பெர்னி பையன்களைத்தான் குறை சொல்வார்கள். தேர்தலுக்குப் பின் நடந்த பெரிய கருத்தாய்வு ஒன்றின் கணக்கில், சாண்டர்ஸுக்கு வாக்களித்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 12 பேர் டிரம்ப்புக்குப் போட்டார்கள். சரி. 2008இல் நம் ஹிலரி ஆட்களில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் பக்கம் போனவர்கள் அதைவிட அதிகம் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஒபாமா ஜெயித்துவிட்டதால் நம்மை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தோற்றவரின் பிரச்சாரக் கடனைக் கேலி செய்வது

2008இல் ஹிலரியின் கடனை அடைக்க உதவுமாறு ஒபாமா தன் பெரிய நன்கொடையாளர்களையே கேட்டுக்கொண்டார். தானும் தனிநபர் நன்கொடைக்கு அன்றைய உச்ச வரம்பான 2,300 டாலருக்குக் காசோலை எழுதினார். கேலி செய்வதைவிட அது மலிவு.

கையை உயர்த்திப் படம் எடுக்க அவசரப்படுவது

1980, நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் எங்கள் கட்சி மாநாடு. அதிபர் கார்ட்டர் வேட்பாளர், டெட் கென்னடி தோற்றவர். மாநாட்டின் கடைசி இரவு, இருவரும் கைகோத்து உயர்த்திப் பிடிக்கும் அந்தப் படத்துக்காக கார்ட்டர் மேடை முழுக்கக் காத்திருந்தார், கென்னடியின் பின்னாலேயே போனார். கென்னடி கைகுலுக்கினார், முதுகில் தட்டினார், கையை மட்டும் உயர்த்தவில்லை. நாடே பார்த்தது. நவம்பரில் கார்ட்டர் ஜெயித்தது ஆறு மாநிலமும் தலைநகரமும்தான். கென்னடியின் சொந்த மாசசூசெட்ஸ்கூட மயிரிழையில் ரேகனுக்குப் போனது.

2008இல் டென்வர் மாநாட்டில் வேறு மாதிரி. மாநிலம் மாநிலமாக வாக்கைக் கூப்பிட்டார்கள். ஹிலரிக்கு விழுந்த பிரதிநிதி வாக்குகளும் ஒலிபெருக்கியில் எண்ணப்பட்டன. நியூயார்க்கின் முறை வந்தபோது ஹிலரியே எழுந்து, எண்ணிக்கையை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று முன்மொழிந்தார். அதற்குள் எங்கள் எண்ணிக்கையும் காதில் விழுந்துவிட்டிருந்தது. ஜூன் 7இல் தொலைக்காட்சியை அணைத்த நான், அன்று அணைக்கவில்லை.

நம் ஊர் அலுவலகத்தில் மாநாடு ஏதும் கிடையாது. ஆனால் தோற்ற அணி எத்தனை வட்டத்தில் முன்னிலை வாங்கியது என்று முதல் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல இரண்டு நிமிடம்தான் ஆகும்.

வாட்ஸ்அப்பில் பேசித் தீர்ப்பது

தீராது.

ராக்கெட் பையனை இரண்டு வாரம் காக்கவைத்தேன். பிறகு எதிரணியின் பகுதிப் பொறுப்பாளரான ஓர் அம்மாளுக்குப் போன் செய்யச் சொன்னேன். கதவு தட்ட வரமாட்டேன், வேண்டுமானால் பட்டியலைப் பார்த்துத் தருகிறேன் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நின்றபடியே பேனா கேட்டார். முதல் பக்கத்திலேயே மூன்று பேரை அடித்தார். இரண்டு பேர் வீடு மாறிவிட்டார்களாம். ஒருவர் மார்ச்சில் இறந்துவிட்டாராம். அந்த வீட்டுக் கதவை நம் பையன் போன வாரம்தான் தட்டியிருந்தான்.